முன்வீட்டில் ஆட்கள் இல்லை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஓய்வு பெற்ற ஆசிரியன். மாம்புரிக்குக் கிட்ட, கடலுக்கும் உப்பங்கழிக் களப்புக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் படிவம் நிரப்ப வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

கச்சான் காற்று தொடங்கியதும் எங்கள் கரையில் பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, முல்லைத்தீவுப் பக்கம் கரையில் வாடிக் குடிசை போட்டு மீன்பிடிக்கப் போகும். காற்று அடங்கத் திரும்பி வரும். முன்வீட்டுப் புருஷனும் மனைவியும் போகும்போது வீட்டுப் பூட்டின் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போவது வழக்கம். ஒரு வருடம் வேறொரு வீட்டில் கொடுத்துவிட்டார்கள். அது எனக்குச் சுட்டது.

அந்த மாதம்தான் புதிதாக வந்த கிராம சேவகர் வாக்காளர் பெயர் இடாப்பைத் திருத்த வந்தார். வெயிலில் களைத்துப்போய் என் விறாந்தையில் உட்கார்ந்து, முன்வீட்டைக் காட்டி யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"அங்க ஆக்கள் இல்ல," என்றேன்.

வீடு பூட்டித்தான் கிடந்தது. எங்கே போனார்கள், எப்போது வருவார்கள் என்பதை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பிறகு இடாப்பை அலுவலகத்தில் பார்வைக்கு வைத்தபோது, என் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

தேர்தலுக்கு முந்திய வாரம், வாக்காளர் அட்டை வரவில்லை என்று முன்வீட்டுக்காரன் வந்தான். அடையாள அட்டை இருந்தால் போதும், சட்டம் அப்படித்தான் என்று விளக்கினேன். கிராம சேவகரிடம் நான் சொன்ன அந்த வார்த்தை அப்போதுகூட என் நினைவுக்கு வரவில்லை. யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் வரவில்லை.

வாக்களிப்பு நாளில் பாடசாலையில் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். அலுவலர் இடாப்பில் விரலை மேலும் கீழும் ஓட்டினார். புருஷன் பெயரும் இல்லை, மனைவி பெயரும் இல்லை. அவள் அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். ஆள் சரிதான், ஆனால் இடாப்பில் பெயர் இல்லாமல் அட்டையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றார் அவர். அந்த நிமிடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. என் வாக்கை யாருக்குப் போட்டேன் என்றே தெரியாது.

வெளியே வந்தபோது, வாக்காளர் அட்டையோடு வரிசையில் நின்ற ஒரு கடைக்காரருக்கு முன்னால் முன்வீட்டுக்காரன் நின்றுகொண்டிருந்தான். அவர் தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்களில் ஒருவர்.

"நானா, உங்கட பேர் இருக்கு. இங்க பிறந்த எங்கட பேர் இல்ல. ஆர் வெட்டினது?"

"எனக்கென்ன தெரியும் தம்பி."

"மன்னாரில ஒண்டு, இங்க ஒண்டு. ரெண்டு வோட்டு. கெட்டிக்காரங்கள்," என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, சிலர் சிரித்தார்கள். வந்தவர்கள் எங்கள் பெயர்களை வெட்டுவித்துக் கள்ள வோட்டுப் போடுகிறார்கள் என்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கக் கதை. நான் வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை இருவரும் வந்து என் மேசையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார்கள். தேர்தல் அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுத வேண்டும். கடைக்காரரின் பெயரையும் அதில் போட வேண்டும். அவன் சொல்லச் சொல்ல நான் வேறொன்றை எழுதினேன். முடிந்ததும் வாசிக்கச் சொன்னான்.

"முன்வீட்டில் ஆட்கள் இல்லை என்று சொன்னவன் நான். அவர்கள் திரும்பி வருவார்கள் என்று தெரிந்துகொண்டே சொன்னேன்," என்று வாசித்தேன். திறப்பு விஷயத்தையும் எழுதியிருந்தேன்.

அவன் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டான். மனைவி இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"எங்களுக்கு வாசிச்சது போதும் மாஸ்டர்," என்றாள். "அந்த நானாட்டப் போய் வாசிங்க."

போனேன். கடைக்குள் நின்று வாசித்தேன். அவர் சீனி நிறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மன்னாரில எங்கட பேரையும் இப்பிடித்தான் வெட்டினாங்க," என்றார். "வீடு பூட்டிக் கிடக்கு, ஆக்கள் இல்லண்டு ஆரோ ஒரு படிச்ச மனுசன் சொல்லியிருப்பாரு. அவரு இன்னும் வந்து வாசிக்கல்ல."