சரோஜினி டீச்சரின் வெள்ளிக்கிழமைச் செடிகள்

சரோஜினி டீச்சர் வீட்டு பால்கனியில் இருபத்தாறு தொட்டிகள் இருக்கின்றன. அவருக்குச் செடி என்றால் உயிர் என்றுதான் மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவே நினைத்துக்கொண்டிருந்தது. அவர் கணவர் தனசிங் சாரும் அப்படித்தான் நினைத்தார். உண்மையில் டீச்சருக்குச் செடியைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. அந்தத் தொட்டி ஒவ்வொன்றும் ஒரு சினிமா.

நான் ஷபீனா. அதே கட்டடத்தில் கீழ் வீடு. சேலையூரில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு. டீச்சர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போகும் சபை ரொம்பக் கண்டிப்பானது. நகை கூடாது, பூ கூடாது, சினிமா கூடவே கூடாது. அந்தச் சபையில் பத்தொன்பது வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துவது டீச்சர்தான். முப்பது பிள்ளைகளுக்கு மேல். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருகைப் பதிவு நோட்டும் கிரேயான் டப்பாவுமாக அவர் படியிறங்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருப்பார். படம் பார்த்தது தெரிந்தால் முதலில் போவது அந்த வகுப்புதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தேதான் போனோம்.

ஆரம்பித்து வைத்த பாவம் என்னுடையது. இரண்டு வருடத்துக்கு முன்னால் என் நாத்தனார் வராமல் ஒரு டிக்கெட் மிஞ்சியது. குரோம்பேட்டையில் லைனிங் துணி வாங்கக் கூட வந்திருந்த டீச்சரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவர் பார்த்த முதல் படம். வெளியே வந்ததும் அழுவார், மன்னிப்புக் கேட்கச் சொல்வார் என்றெல்லாம் பயந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் சரி ஷபீனா, அந்த அண்ணன் எதுக்கு? அவனை எடுத்துட்டாலும் கதை அப்படியேதானே இருக்கு?" என்றார்.

அவ்வளவுதான், தொற்றிக்கொண்டது. நேரமானதற்குச் சாக்காக அன்றே முதல் செடியையும் வாங்கினோம்.

புதுப் படம் வெள்ளிக்கிழமை வருகிறது. பல்லாவரம் சந்தையும் வெள்ளிக்கிழமைதான். இது ஆண்டவன் போட்டுக்கொடுத்த வழி என்று நான் சொன்னால் டீச்சர் முறைப்பார். ஆனாலும் அந்த வழியாகத்தான் போனோம். வீட்டில் "சந்தைக்குப் போறேங்க" என்று சொல்லிவிட்டு வருவார். குரோம்பேட்டையில் காலைக் காட்சி. முடிந்ததும் ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன், பல்லாவரம். பத்து நிமிடத்தில் கைக்குக் கிடைத்த செடியை வாங்கிக்கொண்டு ஓடி வருவோம். என் வீட்டுக்காரர் அயூபுக்கு எல்லாம் தெரியும். "நான் ஜும்மா தொழுதுட்டு வர்றப்போ சோறு இருந்தா போதும், நீங்க எந்தப் படத்துக்கு வேணா போங்க" என்பார்.

எனக்குப் படம் என்றால் ஏசியில் இரண்டு மணி நேரம் காலை நீட்டுவது. இரண்டாம் பாதியில் பெரும்பாலும் தூங்கிவிடுவேன். டீச்சர் அப்படியில்லை. பரீட்சை பேப்பர் திருத்துகிற மாதிரி பார்ப்பார். அவரிடம் பாஸ், ஃபெயில் இரண்டுதான். சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கிற குரலில் தீர்ப்புச் சொல்வார்.

"இந்தச் செம்பருத்தி ஃபெயில். நூறு பேரை அடிச்சான், சரி. அடிச்சப்புறம் சட்டையாவது கசங்க வேணாமா?"

"இந்தக் கத்தாழை, பேய் வர்ற வரைக்கும் நல்ல படம்."

"இந்த மணி பிளான்ட் ஒரு ஏமாத்துப் படம். மீதி அடுத்த பாகத்துலன்னு எழுத்துப் போட்டு அனுப்பிட்டான். எழுதி முடிக்காதவனுக்கு நான் எப்படி மார்க் போடறது?"

நந்தியாவட்டை மட்டும் பாஸ். அந்தப் படத்தில் ஒரு கண்டக்டரும் அவர் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டே சமைப்பார்கள். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. "அந்தம்மா வெங்காயம் நறுக்கினது நிஜமா நறுக்கினது" என்றார் டீச்சர். நான் அந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இருபத்தாறாவது செடி ஒரு குரோட்டன்ஸ். வினை அதில்தான் வந்தது.

படத்தில் ஒரு பெண் நகைக்கடையில் வேலை பார்க்கிறாள். ஆசையில் ஒரு வளையலை எடுத்துவிடுகிறாள். பழி கூட வேலை பார்க்கும் தோழி மேல் விழுந்து, தோழியை வேலையை விட்டே அனுப்பிவிடுகிறார்கள். இவள் மூன்று தடவை உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறாள், மூன்று தடவையும் எதுவோ குறுக்கே வருகிறது. கடைசியில் கோவளத்தில் வளையலைக் கடலில் எறிந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நடக்கிறாள். பாட்டு. படம் முடிந்தது.

டீச்சருக்கு வந்த கோபத்தில் பல்லாவரத்தில் இறங்கவே மறந்திருப்போம். "கடல்ல போட்டா ஆச்சா? வேலை போனவளுக்கு யாரு பதில் சொல்றது? கடைசி சீன்ல அவ எல்லார் முன்னாடியும் நின்னு 'நான்தான்'னு சொல்லணும் ஷபீனா. அதுதான் படம். இது ஃபெயில்." அந்தப் படத்துக்கு நான் தூங்கவில்லை. அதனால் எனக்கும் அவர் சொன்னது சரியென்றே பட்டது.

அடுத்த புதன்கிழமை சபைப் பெண்களின் ஜெபக்கூட்டம் டீச்சர் வீட்டில். என் வீட்டிலிருந்து எட்டு நாற்காலி மேலே போயிற்று. நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் இருபது பேர். நடுவில் பாஸ்டரம்மா, பக்கத்தில் அவர் மருமகள் ஜெரூஷா. கல்யாணமாகி நாலு மாதம், பெரும்பாக்கம் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை. கூட்டத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும், கேட்டால்தான் பேசும். அன்றைய தலைப்பு "ஒளித்து வைத்த பாவம்". அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது டீச்சர் முறை.

"ஒரு நகைக்கடையில ஒரு பொண்ணு வேலை பார்த்தாளாம்" என்று ஆரம்பித்தார் பாருங்கள், என் கையில் இருந்த வடிகட்டி டீயிலேயே விழுந்தது.

படம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருக்கோ நடந்த மாதிரி சொன்னார். முடிவை மட்டும் திருத்திவிட்டார். அவர் கதையில் அந்தப் பெண் முதலாளி முன்னால் நின்று, வளையலை மேஜையில் வைத்து, "நான்தான் எடுத்தேன், அவளைத் திரும்பக் கூப்பிடுங்க" என்கிறாள். அழகாகச் சொன்னார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். "ஆமென்" என்றார் பாஸ்டரம்மா.

அப்போது ஜெரூஷா நிமிர்ந்தது. "இல்ல ஆன்ட்டி, அவ கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டா. வளையலைக் கடல்ல தூக்கிப் போட்டுடுவா."

பாவம், மனதில் ஒன்றுமில்லை அந்தப் பெண்ணுக்கு. பார்த்த படத்தைப் பற்றிப் பேச வீட்டில் ஆளில்லை, சட்டென்று வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தியது. வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த நாலு பெண்கள் ஒரே நேரத்தில் மடியைப் பார்த்துக் குனிந்தார்கள். அவர்களும் பார்த்திருக்கிறார்கள்! சமையலறையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பாஸ்டரம்மா மெதுவாகத் திரும்பினார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

ஜெரூஷாவின் முகம் வெளுத்துவிட்டது. மாமியாரிடம்தானே அந்தப் பெண் திரும்பிப் போக வேண்டும்? டீச்சருக்கு ஒரு வழி இருந்தது. பத்திரிகையில் வந்த கதை, ஜெரூஷாவும் படித்திருக்கும், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று சொன்னால் போதும். சொல்லுங்க டீச்சர், சொல்லுங்க என்று நான் உள்ளே துடித்தேன். ஆனால் யாராவது அந்தப் பத்திரிகையைக் கேட்டால் மாட்டப்போவது ஜெரூஷாதான்.

டீச்சர் எழுந்து நின்றார்.

"நான்தான் அவளுக்குச் சொன்னேன் பாஸ்டரம்மா. போன ஞாயிறு, சபை முடிஞ்சு நிக்கும்போது. அது ஒரு படம். நான் தியேட்டர்ல பார்த்தேன். இதோட இருபத்தாறு படம் பார்த்திருக்கேன்."

ஒரு பொய்யும் ஒரு உண்மையும் சேர்த்துச் சொன்னார். பொய்யை எல்லாரும் நம்பினார்கள். உண்மைக்குத் தண்டனை கொடுத்தார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தியாவது வாயைத் திறக்க வேண்டுமே? ஊஹும். நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு, என் நாற்காலியை மடக்காமல்கூடப் போனார்கள். எனக்கு இன்றுவரை அந்தக் கோபம் ஆறவில்லை.

அன்று சாயங்காலமே சபையிலிருந்து போன் வந்தது. டீச்சர் இனி ஞாயிறு பள்ளி எடுக்க வேண்டாம். வகுப்பு ஜெரூஷாவுக்கு.

தனசிங் சார் இரண்டு நாள் பேசவில்லை. ரயில்வேயில் இருந்தவர், எதையும் ஒரு தடவை சரிபார்க்காமல் விட மாட்டார். வெள்ளிக்கிழமை காலை பால்கனிக்கு வந்து தொட்டிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினார். "அப்போ எல்லாமே படமா?" என்றார். டீச்சர் தலையாட்டினார். "நான் இவ்வளவு நாள் உரம் வேற வாங்கிப் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு சார் உள்ளே போய்விட்டார். அன்று நாங்கள் படத்துக்குப் போகவில்லை.

சனிக்கிழமை ஜெரூஷா வந்தது. நோட்டையும் டப்பாவையும் வாங்கிக்கொண்டு போகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டீச்சர் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் எடுத்து வைத்திருந்தார்.

"ஜாய்சனை முன் வரிசையில உட்கார வை, கண்ணு சரியா தெரியாது, வெளிய சொல்லமாட்டான். பச்சை கிரேயான் தீர்ந்துபோச்சு, வாங்கணும்."

அந்தப் பெண் பையைத் தொடவில்லை. நின்றபடியே அழுதது. "நானே போய் உண்மையைச் சொல்லிடறேன் ஆன்ட்டி."

"சொல்லாதே. நீயும் போயிட்டா நாளைக்குக் காலையில பிள்ளைங்க முன்னாடி யார் நிப்பாங்க?" டீச்சர் பையை அதன் கையில் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது எனக்குச் சொல்வாரே அதே மாதிரி, "அதை விடு. படம் உனக்குப் பிடிச்சுதா?" என்றார்.

ஜெரூஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தது. "பிடிச்சுது ஆன்ட்டி. ஆனா நீங்க சொன்ன முடிவுதான் நல்லா இருந்தது."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "பார்த்தியா ஷபீனா? நான் ரயில்லயே சொன்னேன்ல?"

ஜெரூஷா படியிறங்கிப் போகும்வரை சிரித்துக்கொண்டுதான் நின்றார். கதவைச் சாத்திய பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு, நாளைக்கு எட்டு மணிக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டு அழுதார்.