நான் வாங்கினால் நிறுத்திவிடுவார்கள்

நான் இதுவரை மூன்று சின்னக் கார்கள் வாங்கியிருக்கிறேன். மூன்றையுமே கம்பெனிக்காரர்கள் பிறகு நிறுத்திவிட்டார்கள். அதனால் எங்கள் தெருவில் யாராவது கார் வாங்குவதாக இருந்தால் முதலில் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, ஒங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்பார்கள். நான் சொன்னதை விட்டுவிட்டு வேறொன்றை வாங்குவார்கள். இப்படி விருதுநகரில் ஏழு பேர் வாங்கியிருக்கிறார்கள். ஏழும் நன்றாக ஓடுகின்றன.

இந்த நிலையில் என் மகள் கார் வாங்கப்போவதாகச் சொன்னதும் எனக்குத் தூக்கம் போயிற்று. அவள் பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள் ஆர்டர் பிடித்து, சிவகாசியில் அச்சடித்துக் கொடுக்கிறாள். சாம்பிள் அட்டைகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கம்பெனியாகப் போவாள். போன சீசனில் மழையில் சாம்பிள் மொத்தமும் நனைந்து, அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் பெரிய ஆர்டர் கையைவிட்டுப் போனது. "அடுத்த சீசனுக்காவது காய்ஞ்ச அட்டையாக் கொண்டாம்மா, பார்ப்போம்" என்றாராம் அந்த முதலாளி. அந்த ஆர்டரைத் திரும்பப் பிடிக்கத்தான், இருந்த சேமிப்பையெல்லாம் திரட்டிக் கார் வாங்குகிறாள். தப்பான காராக அமைந்தால் சேமிப்பும் போகும், ஆர்டரும் போகும்.

"ஷோரூமுக்கு நானும் வரட்டுமா தாயி?" என்றேன்.

"வாங்கப்பா. ஆனா எதையும் நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிராதீக."

குற்றம் என்னுடையதா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதல் காரைச் செய்த கம்பெனி, குடும்பங்களுக்கு விற்பதற்கு முன்பே அதை டிராவல்ஸ்காரர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டது. நானும் அந்த வாடகை வண்டிகளின் வெள்ளை நிறத்திலேயே வாங்கினேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு அருகே நிறுத்தியிருந்தபோது ஓர் அம்மாள் இரண்டு பைகளோடு பின்னால் ஏறி உட்கார்ந்து, "சாத்தூருக்கு விடுங்க, நேரமாகுது" என்றாள். நானும் சாத்தூருக்குத்தான் போகவேண்டியிருந்தது. கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது ஒரு நோட்டை நீட்டி மீதிச் சில்லறை கேட்டாள். வாடகைக் கார் என்று பெயரெடுத்த வண்டியை எந்த மாமனார் மருமகனுக்கு வாங்கிக் கொடுப்பார்?

இரண்டாவது காருக்கு இரண்டே கதவுகள். பார்க்க அழகாக இருக்கும் என்று கம்பெனி நினைத்திருக்கிறது. அதைத் தீர்மானித்தவர்கள் எங்கள் பக்கத்துத் துஷ்டி வீடு எதற்கும் போனதில்லை போலும். இங்கே சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் தெருமுனையிலேயே அழுகையைத் தொடங்கிவிட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் எழுந்து வந்து கட்டிக்கொள்வார்கள். அப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது, பின்சீட்டில் இருந்த என் மனைவியும் அவள் அக்காளும் சரியான இடத்தில் தொடங்கினார்கள். வாசலில் நான்கு பெண்கள் கைகளை விரித்துக்கொண்டு வந்து நின்றார்கள். முன்சீட்டு மடங்கவில்லை. நான் இழுத்துப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன். வெளியே நின்றவர்களுக்கு விரித்த கையை மடக்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து அக்காள் ராகம் மாறாமல், "எங்களை விட்டுட்டுப் போயிட்டீகளே சித்தப்பா... மச்சான், அந்தக் கம்பியக் கீழ அமுக்குங்க... இனி எங்கன பார்ப்போம் சித்தப்பா" என்றாள். இறந்தவரின் மகனே துண்டால் வாயை மூடிக்கொண்டான். அன்று வீடு திரும்பும்போது என் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அக்காள் பஸ்ஸில் போனாள்.

மூன்றாவதுதான் பேர்போன கார். ஸ்கூட்டரில் நான்கு பேராகப் போகிற குடும்பத்துக்காகச் செய்தது. சக்கரத்துக்கு மூன்று போல்ட், கண்ணாடிக்கு ஒரே வைப்பர். எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன், அந்தக் குறைகள் எதனாலும் வண்டி நின்றதில்லை. ஆனால் நாட்டிலேயே மலிவான கார் என்று ஊரெல்லாம் சொல்லி விற்றார்கள். வியாபாரிகள் நிறைந்த ஊரில் அதை ஓட்டிப் போவது, சட்டையில் விலைச்சீட்டோடு கல்யாணத்துக்குப் போவது மாதிரி. எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்து வணக்கம் சொல்வதற்கு முன் காரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். தீபாவளிக்கு வெளியூர்ச் சொந்தங்களுக்கெல்லாம் வெடிப்பெட்டி அனுப்புவது எங்களுக்குத் தப்பாத கடமை. நாரணாபுரத்தில் உறவினர் கம்பெனியில் பெட்டிகளை எடுக்கப் போனேன். வாட்ச்மேன் காரைச் சுற்றி வந்தார்.

"சாமான் எங்கன வைப்பீக?"

"பின்னால."

"அடியில என்ன சத்தம் கேக்கு?"

"இன்ஜின்."

அவர் இரண்டடி பின்வாங்கினார். "ஏங்க, செருப்போட உள்ள விட மாட்டோம் நாங்க. நீங்க இன்ஜினுக்கு மேல வெடியை வச்சு ஓட்டப்போறீகளா? கொண்டுபோய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிப்பாட்டுங்க."

பெட்டிகள் மாட்டு வண்டியில் வீட்டுக்கு வந்தன. நான் காலிக் காரோடு பின்னாலேயே வந்தேன்.

இந்த அனுபவத்தோடுதான் மகளுடன் ஷோரூமுக்குப் போனேன். அவள் பணத்துக்கு இரண்டு கார்கள் ஒத்துவந்தன. ஒன்றில் ஏசியைக் கூட்டவும் குறைக்கவும் பெரிய திரையைத் தடவ வேண்டும், கூரை திறக்கும், ஆனால் மாற்றுச் சக்கரம் கிடையாது, பஞ்சர் ஆனால் ஒட்ட ஒரு பசைப் பாட்டில். இன்னொன்று சாதுவானது. பின்கதவையும் சேர்த்து ஐந்து கதவுகள், சக்கரத்துக்கு நான்கு போல்ட், ஏசிக்குத் திருக ஒரு குமிழ், கூடவே முழுச் சக்கரம் ஒன்று. பின்னால் பன்னிரண்டு சாம்பிள் பெட்டி அடுக்கலாம். இன்ஜின் முன்னால். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. அந்த நிமிடமே பயமும் வந்துவிட்டது.

திரும்பி, திரை வைத்த காரைத் தட்டிக்கொடுத்தேன். "ஆகா, காருன்னா இதுதான்! கூரையைப் பாரு தாயி, வானமே தெரியுது!"

"வெயிலும் தெரியும்பா" என்றாள் மகள். சாதுவான காருக்குக் கையெழுத்துப் போட்டாள்.

சீசன் தொடங்கியதும் பெய்த மழையிலேயே அவள் அச்சங்குளம் போனாள். அட்டை ஒன்றுகூட நனையவில்லை. விரலால் தடவிப் பார்த்துவிட்டு முதலாளி ஆர்டரைக் கொடுத்தாராம். அன்று சாப்பிடும்போது கேட்டாள்:

"கடையில எதுக்குப்பா அம்புட்டு நடிப்பு?"

"நடிப்பா?"

"பிடிக்காத காரைத்தான் தட்டிக் கொடுத்தீக. பிடிச்ச காரோட போல்ட்டை ரெண்டு தடவை எண்ணுனீக. எனக்குத் தெரியாதா?"

உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். "தெரிஞ்சுமா வாங்குன? நிறுத்திருவானே!"

"நிறுத்தட்டுமே. நான் வாங்குனது ஓடுதுல்ல?"

அவளுக்குக் கவலையில்லை. எனக்கு இருந்தது. மறுநாள் கார் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வீட்டு நம்பருக்குப் போன் செய்தாள். மகள் வெளியே போயிருந்ததால் நான் எடுத்தேன். கார் எப்படி இருக்கிறது, பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டாள். நல்ல கார் என்று நான் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத்தானே தெரியும்? "மோசம்மா. பத்துக்கு ரெண்டு" என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன்.

காரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு மகளிடம் அதைச் சொன்னேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அப்பா! இப்படி மார்க் போட்டா நெசமாவே நிறுத்திருவான்ப்பா!"

மார்க்கைக் கூட்டிப் போடச் சொல்ல அந்த நம்பருக்கு அன்று ஐந்து முறை போன் செய்தேன். ஒருமுறைகூட இணைப்புக் கிடைக்கவில்லை.