நாரைக்குளத்தில் வெடித்த வெடி

அந்த வெடியைக் கொளுத்தியவள் நான்தான். முருகன் இல்லை!

நேற்று 'பறவைகளின் தோழி' என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினீர்களே, உங்களிடம்தான் சொல்கிறேன். கை தட்டியது போதும்... கேளுங்கள்.

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு குளம். அதன் கருவேல மரங்களில் வருடந்தோறும் நாரைகள் கூடு கட்டும். அந்த ஊரில் தீபாவளிக்கும் வெடி கிடையாது, கல்யாணத்துக்கும் கிடையாது. "பிள்ள பெற வந்திருக்க மகளுவ மாதிரிம்மா, சத்தம் ஆகாது" என்பார் ஊர்த்தலைவர்.

எனக்கோ ஆராய்ச்சி! திடீர்ச் சத்தத்தில் பறந்த நாரை எவ்வளவு நேரத்தில் கூடு திரும்பும் என்று தெரிய வேண்டும். ஒரு வெடி போட அனுமதி கேட்டேன். தலைவர் முகத்திலடித்தாற்போல் மறுத்தார். அந்த எண்ணத்தையே விட்டுவிட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்; நம்பினார். ஆனால் இவர் யார் எனக்குச் சொல்ல என்ற திமிர் எனக்கு. அந்த ஊர்ப் பையன் முருகனின் கல்யாணத்துக்கு ஊரே கோயிலில் கூடியிருந்த உச்சிவெயிலில், கரை மறைவில் திரியைப் பற்ற வைத்தேன்.

நாரைகள் எழுந்தன... வெகு நேரம் இறங்கவே இல்லை. சிறகு விரித்து நிழல் கொடுக்கத் தாய் இல்லாமல், இறகு முளைக்காத குஞ்சுகள் கூட்டிலேயே வெந்து செத்தன. இத்தனை படித்தவளுக்கு வெயில் தெரியாதா? தெரியும்! வேறு நாள் வாய்க்காது என்ற அவசரம்.

ஊர் யாரைப் பிடிக்கும்? துபாயிலிருந்து வந்த மாப்பிள்ளையைத்தான். "ஏலே, ஒன் கூட்டாளியள வெடிக்கச் சொன்னியாலே?" என்று மாலையோடு நின்றவனை உலுக்கினார் தலைவர். "சத்தியமா இல்ல அண்ணாச்சி" என்று அழுதான் முருகன்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கரையிலதான இருந்திய? யாரும்மா வெடிச்சா?"

"நான் பாக்கலியே" என்றேன்.

போட்ட இலையில் யாரும் உட்காரவில்லை. ஊர் மொத்தமும் கலைந்து போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? 'கல்யாண வெடியால் கூடிழந்த நாரைகள்' என்று கட்டுரை எழுதினேன்! என் வேலை, என் பெயர், உங்கள் பொன்னாடை எல்லாம் அதிலிருந்து வந்தவை.

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது... உங்கள் மேல், என் மேல், இன்னும் என்னை நம்புகிற அந்த முருகன் மேலும்!

போன மாதம் அழைப்புப் பத்திரிகையோடு வந்திருந்தான். மகளுக்குக் காதுகுத்து. "எங்க வீட்டு விசேஷத்துக்கு இன்னும் ஒருத்தரும் வரமாட்டாவக்கா. நீங்க சொன்னா நம்புவாவ. நான் வெடிக்கலன்னு ஒரு வார்த்த வந்து சொல்லுங்கக்கா."

"பாக்கலாம்" என்றேன்.

காதுகுத்து நேற்று. நான் உங்கள் மேடையில் இருந்தேன்.