ஜோர்டான் பாயின் பெட்டி

மரச்சுத்தியின் முதல் அடி எப்போதும் கட்டியின் மூலையில்தான் விழும். காலை பஸ்ஸின் கூரையில் பொன்னேரியிலிருந்து உமி ஒட்டிய கோணிக்குள் வந்து இறங்கும் ஐஸை, அமீர் ஜான் படகுத்துறை வரைக்கும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, ஒரு தோளைச் சாய்த்து நின்று உடைப்பார். நடுவில் அடித்தால் தூளாகிவிடும். தூளான ஐஸ் மத்தியானத்துக்குள் தண்ணீர். தெறித்த சில்லு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டால் பேச்சு ஆரம்பமாகிவிடும்.

"ஜோர்டான்ல இந்தக் கட்டிய ரோட்ல வச்சுட்டுத் திரும்பிப் பாரு, ஈரம்கூட இருக்காது. அப்பிடி வெயிலு."

பழவேற்காட்டில் அவரை அமீர் ஜான் என்று யாரும் கூப்பிடுவதில்லை. ஜோர்டான் பாய்தான். எழுபத்தெட்டில் போனவர், எண்பத்தொன்றில் திரும்பினார். நீல ரெக்சின் பெட்டி, அதன் கைப்பிடியில் விமானக் கம்பெனிச் சீட்டு, மனைவி ஜொஹராவுக்கு நைலக்ஸ் புடவை, தெருவுக்கெல்லாம் பேரீச்சம்பழம். இவற்றோடு அந்தப் பேரும் ஒட்டிக்கொண்டது. சீட்டு கிழியாமலிருக்க அதன்மேல் செல்லோ டேப் ஒட்டிப் பெட்டியைப் பரண்மேல் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய் வந்ததும் இறக்கித் துடைப்பார். திறந்து யாரும் பார்த்ததில்லை.

யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால், "அது பெரிய கதை" என்று சுத்தியை எடுத்துவிடுவார். ஜொஹரா அந்தப் பக்கம் வந்தால் கதை பாதியில் நின்றுவிடும். அவரை ஜோர்டான் என்று சொல்லாத ஒரே ஆள் ஜொஹராதான்.

போன மாதம் கௌஸ் மைதீன் சிவப்பு பனியன் போட்டுக்கொண்டு துறைக்கு வந்தான். ஏரியில் இறால் பிடிக்கிறவன். சொந்தப் படகு, இரண்டு பிள்ளைகள். பனியனில் ஒருவன் பந்தோடு ஆகாயத்தில் தாவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பர்மா பஜார்ல வாங்கினேன். உங்க பேரு போட்டுருக்கு பாருங்க."

அமீர் ஜான் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தார். "யாரு இவன், ஜோர்டான்காரனா?"

"இல்லண்ணே, அமெரிக்காக்காரன். பெரிய ஆட்டக்காரனாம். பேரே ஜோர்டானாம்."

"அந்த ஊருக்குப் போயிருக்கானா?"

"அவன் இன்னாத்துக்குப் போறான்?"

பக்கத்திலிருந்த கோட்டைக்குப்பத்து ராஜவேலு சிரித்துவிட்டார். "போவாமலே பேரு வாங்கிட்டான், கில்லாடி!"

அமீர் ஜான் சிரிக்கவில்லை.

ராஜவேலு அன்றைக்கு ஐஸ் வாங்க வரவில்லை. கௌஸின் படகை விலைபேசி முடிக்க வந்திருந்தார். படகை விற்ற பணத்தைச் சாயங்காலத்துக்குள் மண்ணடி ஏஜெண்டிடம் கட்டிவிட்டால் கௌஸுக்கும் ஜோர்டானில் வேலை. பனியன்கூடப் பயணத்துக்கு வாங்கியதுதான்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்ணே, கிளம்பிடுவேன்."

"விசா கைல வந்துடுச்சா?"

"பம்பாயில ரூம் போட்டுத் தர்றாங்களாம். பத்து நாள்ல அங்கியே வந்துரும்னு சொன்னாரு."

சுத்தி கட்டியின் நடுவில் விழுந்தது. ஐஸ் பொலபொலவென்று சிதறியது.

"படகை விக்காதடா."

"இன்னாண்ணே இது? நீங்க மட்டும் போய் வருவீங்க, நாங்க போவக் கூடாதா?"

"நான் போவல."

இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் சுத்தியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என்கிட்டயும் ஒரு ஏஜெண்டு பத்து நாள்னுதான் சொன்னான். ஜொஹரா நகைய வித்துக் கட்டின காசு. ஆளே காணோம். எந்த மூஞ்சோட ஊருக்கு வர்றது? மூணு வருசம் பம்பாய் ஓட்டல்ல தட்டு கழுவினேன். பேரீச்சம்பழம் அங்க மார்க்கெட்டுல வாங்கினது. பெட்டி, பழைய சாமான் கடையில. சீட்டு அதோடயே இருந்துச்சு."

"அப்ப அந்த வெயிலு?" என்றார் ராஜவேலு.

"ரூம்ல கூட இருந்தவனுக்கு அவங்க அண்ணன் ஜோர்டான்லேருந்து எழுதின லெட்டர். நான்தான் படிச்சுக் காட்டுவேன்."

"எட்டு வருசமா எங்க காதுல பூ சுத்திட்டியே பாய்!" ராஜவேலு பணப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். கௌஸும் போய்விட்டான். மண்ணடிக்கா, படகுக்கா என்று தெரியவில்லை.

மூன்று நாள் துறையில் யாரும் அவரிடம் கதை கேட்கவில்லை. அவரும் சில்லை வாயில் போடவில்லை.

நாலாம் நாள் கௌஸின் படகு கரை சேர்ந்தது. அதே சிவப்பு பனியன், முழங்கை வரை சேறு. கூடை கூடையாக இறால். அமீர் ஜானிடம் ஐஸ் இருந்தது. ஆனால் ஐஸ் போட்டு மீன் அடுக்கும் பெட்டிகளெல்லாம் மற்றவர்கள் சரக்கில் நிரம்பியிருந்தன. கௌஸ் கொஞ்சம் தள்ளியே நின்றான்.

"ஜோர்டான் அண்ணே, நம்ம சரக்குக்கு இடம் இருக்கா?"

துறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அமீர் ஜான் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். திரும்பியபோது தலையில் அந்த நீலப் பெட்டி. எல்லார் முன்னாலும் தரையில் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு பழைய இந்திப் பேப்பரைத் தவிர ஒன்றுமில்லை. அதை எடுத்துப் போட்டுவிட்டு, அடியில் ஐஸைப் பரப்பி, இரண்டு கையாலும் சமன்செய்தார்.

"கொட்டுடா," என்றார்.