ஏனுங்க, போலாங்களா

எனக்குக் கண் தெரியாது. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. வீட்டுக்கும் கம்பெனிக்கும் என்னைக் கூட்டிப்போக ஒரு வழிகாட்டி நாய் இருந்தாள். அவளைப் பயிற்சி நிலையத்தில் பழக்கியது இங்கிலீஷில். ‘ஃபார்வர்ட்’ என்றால்தான் நடப்பாள் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அது வாயில் வரவே இல்லை. எனக்காக முன்னால் நடக்கிற ஜீவனை சூப்பர்வைசர் மாதிரி அதட்டுவதா? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “ஏனுங்க, போலாங்களா?” என்பேன். சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். நாய்க்குப் போய் மரியாதையா என்று தெருவே சிரித்தது. தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக் கூடவே கிளம்பிய ஆட்களும் உண்டு.

போன சித்திரையில் கிட்னி கெட்டு இறந்துபோனாள். எங்கள் வீட்டு கேட்டை ஒட்டி நிற்கும் வேப்பமரத்தடியில் புதைத்தோம்.

கொஞ்ச நாளில் புதியவள் வந்தாள். இவளிடம் ‘ஃபார்வர்ட்’ என்றேன். அன்றைக்கு வாயில் வராத சொல் இப்போது சுலபமாக வந்தது. ‘போலாங்களா’ மூத்தவளுடையது. அதை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுக்க மனசு வரவில்லை. கேட்டவர்களிடம், நிலையத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று சாக்குச் சொன்னேன்.

இவளிடம் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூத்தவள் பஜ்ஜிக் கடை வந்தால் நின்றுவிடுவாள். இவள் மூக்கைக்கூடத் திருப்புவதில்லை. சாக்கடைப் பள்ளத்தை இவள் அழகாகச் சுற்றிக் கூட்டிப்போகும்போதெல்லாம், மூத்தவளை மட்டம் தட்டுகிறாளோ என்று எரிச்சல் வரும். ஒருநாள் எங்கும் இடறாமல் வீடு வந்து, நிம்மதியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அன்று சோறு இறங்கவில்லை.

பேக்கிங் டேபிளில் என் பக்கத்தில் நிற்கிற பெண் திருநெல்வேலிப் பக்கம். நான் புது நாயிடம் பேசுகிற தோரணையைக் கேட்டுவிட்டு, “ரெண்டாந்தாரம்னா இப்படித்தான் வச்சுக்கிடுவியளோ, அண்ணாச்சி?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிந்து அந்தப் பெண்ணும் நானும் கம்பெனி கேட்டைத் தாண்டினோம். அவள் எனக்குப் பின்னால் யாருடனோ பேசிக்கொண்டு வந்தாள். ‘ஃபார்வர்ட்’ என்றேன். நாய் அசையவில்லை. மறுபடி சொன்னேன். என் முழங்காலுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

“உன்னையக் கட்டிட்டு அழுகோணும்னு என் தலையெழுத்து” என்று கைப்பிடியை வெடுக்கென்று இழுத்தேன். அப்போது என் மூக்கை உரசிக்கொண்டு துணி ரோல் ஒன்று போனது. லோடு ஏற்றிய டெம்போவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுச் சரிவில் பின்னால் உருட்டி வந்திருக்கிறான். சத்தமே இல்லை. ஓடிவந்த அந்தப் பெண், இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள்.

குனிந்து நாயின் தலையைத் தடவினேன். நான் இழுத்த இழுப்பில் வார் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. சரிசெய்தேன். அதற்குமேல் ‘ஃபார்வர்ட்’ என்று சொல்ல நாக்கு கூசியது.

“ஏனுங்க, போலாங்களா?” என்றேன்.

இவள் நகரவில்லை. அந்தப் பெண்தான் தன்னைக் கேட்டதாக நினைத்து, “போலாம் அண்ணாச்சி” என்றாள். இவளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. வந்து இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட அது இவள் காதில் விழுந்ததில்லை. விழாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

அழுகை வந்துவிட்டது. நடுரோட்டில் நின்று அழுதேன். பிறகு ‘போலாங்களா’ என்று சொல்லி, உடனே ‘ஃபார்வர்ட்’ என்றும் சொன்னேன். வழியில் ஒவ்வொரு முக்கிலும் நின்று அப்படியே சொன்னேன். எங்கள் தெரு வருவதற்குள், இரண்டாவது சொல்லுக்குக் காத்திராமல் கிளம்பப் பழகியிருந்தாள்.

வீட்டு கேட்டில் வழக்கம்போல நின்றாள். நான் சொன்னால்தான் உள்ளே நுழைவாள். பக்கத்திலேயே வேப்பமரம். இவள் காதருகே குனிந்து, மரத்தடிக்குக் கேட்டுவிடாதபடி, “போலாங்களா” என்றேன்.