யார் பெயருக்கு நிவாரணம்

அன்று சாயங்காலம் மலைப் பக்கமிருந்து காற்று இறங்கியபோது, ராயப்பன்பட்டிக்கு வெளியே நாங்கள் குத்தகைக்குப் பிடித்திருந்த தோட்டத்தில் செவ்வாழை முழுவதும் குலை தள்ளி நின்றது. என் நகையெல்லாம் அடகு வைத்து அந்த மண்ணுக்குள்தான் போட்டிருந்தோம். மழை விட்டதும் நானும் என் கணவரும் உத்தமபாளையத்திலிருந்து வண்டியில் போனோம். நிற்கிற மரம் ஒன்றுகூட இல்லை. முட்டுக் கொடுத்த கம்புகளோடு முறிந்து, எல்லாம் ஒரே பக்கமாய்ப் படுத்திருந்தன. அவர் ஒரு காயைக் கிள்ளிப் பார்த்தார். பிஞ்சு. எதற்கும் ஆகாது. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் தோட்டக்கலை அதிகாரியும் கிராம நிர்வாக அலுவலரும் வந்து, சாய்ந்த மரங்களைப் படம் எடுத்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் தயங்கியபடிதான் கேட்டார்.

"பாய், பட்டா யார் பேர்ல இருக்கு?"

"டீச்சரம்மா பேர்ல சார். நாங்க குத்தகைக்குப் பாக்குறோம்."

"எழுத்து ஏதும் இருக்கா?"

"வாய்ப்பேச்சுதான்."

"அப்ப நிவாரணம் அவுக கணக்குக்குத்தான் போகும். நீங்கதான் பயிர் வச்சீகன்னு அவுக எழுதிக் கையெழுத்துப் போட்டாகன்னா, உங்க பேர்ல அனுப்பிப் பாக்கலாம்."

எங்களுக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. டீச்சரம்மா என் மகளுக்கு ஐந்தாம் வகுப்பில் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்று, சர்ச் தெருவில் தனியாக இருந்தார். வாழை போனதைக் கேட்டதும் கண் கலங்கினார். கையெழுத்து என்றதும் சென்னையிலிருக்கும் மகனுக்குப் போன் போட்டார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"எதுலயும் கையெழுத்துப் போடாதம்மா. குத்தகைக்காரன்னு ஒரு தடவ பதிஞ்சுட்டா, அப்புறம் நிலத்த மீட்கவே முடியாது."

நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. என் கணவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. டீச்சரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"உங்க நிலம் எங்களுக்கு வேணாம் டீச்சரம்மா. குர்ஆன் மேல சத்தியமாச் சொல்றேன். அடுத்து ஒரு பயிர் வைக்க எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "ஒன்ன நம்பாம இல்லம்மா. எனக்குன்னு இருக்கது அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா மகன் வீட்ல ஒரு மூலையில கெடக்கணும். பணம் வரட்டும், அப்படியே உங்ககிட்ட தந்துர்றேன்."

அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

பணம் வர மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் அழுகிய மரங்களை அப்புறப்படுத்த ஆள் விட வழியில்லாமல் தோட்டத்தை ஒப்படைத்திருந்தோம். ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. டீச்சரம்மா உள்ளே வரவில்லை. முந்தானையில் மடித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினார்.

"நிவாரணம் வந்த கணக்கு மகன் கையிலதான் இருக்கு. மோட்டார் போடணும்னு எடுத்துக்கிட்டான். இது என் பென்ஷன்ல இருந்து. என்னால முடிஞ்சது இம்புட்டுத்தான்."

"வேணாம் டீச்சரம்மா, வச்சுக்கங்க," என்றார் என் கணவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கை நீட்டி வாங்கிவிட்டேன். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. ஆனால் வீட்டில் அரிசி இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

இப்போது அவர் சின்னமனூரில் வாழை மண்டிக்குச் சுமை இறக்கப் போகிறார். யார் யாருடைய தோட்டத்துத் தார்களோ லாரியில் வருகின்றன, தோளில் வாங்கி அடுக்குகிறார். வீட்டுக்கு ஒரு பழம்கூடக் கொண்டுவருவதில்லை. நானும் கேட்பதில்லை.