சிந்து நீக்கிய இரைச்சல்

பி.இ. கடைசி வருடத்திலேயே சிந்துவின் கையில் வேலை இருந்தது. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி அவளைக் கல்லூரிக்கே வந்து எடுத்துக்கொண்டுவிட்டது. புராஜெக்ட் மட்டும்தான் பாக்கி. ஸ்டெதாஸ்கோப்பில் மைக் பொருத்தி இதயத்தின் ஓசையைப் பதிவு செய்து, அதில் கலந்திருக்கும் இரைச்சலைக் கணினியால் நீக்க வேண்டும்.

பதிவு செய்ய இதயங்கள் வேண்டுமே! காக்ஸ் டவுன் பக்கம் ஒரு மருத்துவமனையில் அனுமதி வாங்கினாள். முதலில் சம்மதித்தவர் ஜீவனஹள்ளி எல்லம்மா. அபார்ட்மென்ட்களில் வீட்டுவேலை செய்பவர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்திருந்தார்.

"எனக்கும் கொஞ்சம் கேக்கக் குடும்மா" என்றார் எல்லம்மா. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். "ரெண்டு தட்டு தட்டுது. நடுவுல இன்னாது, புஸ்ஸு புஸ்ஸுன்னு?"

"ஃபேன் சத்தமா இருக்கும்கா. அதை எடுத்துடுவேன்."

எடுத்தும்விட்டாள். மறுநாள், சுத்தமாக்கிய ஓசையை அந்த மருத்துவமனையின் இதய மருத்துவர் டாக்டர் சுப்ரியாவிடம் பெருமையாகப் போட்டுக் காட்டினாள்.

"இது எல்லம்மாவோடதா? ஒரு குறையும் இல்லாதவங்க மாதிரி கேக்குதே. அந்த புஸ் எங்க?"

"நாய்ஸுன்னு ஃபில்டர் பண்ணிட்டேன் மேடம்."

சுப்ரியா சிரித்துவிட்டார். "அதுதாம்மா அவங்க வியாதியே! வால்வு சரியா மூடலை. ரத்தம் பின்னாடி ஒழுகுற சத்தம் அது. சின்ன வயசுல தொண்டைவலி, காய்ச்சல்னு வந்திருக்கும். அதுல ஆரம்பிச்சது."

"தொண்டையில வந்தது இதயத்துக்கு எப்படிப் போச்சு?"

"கிருமி போகணும்னுகூட இல்லை. கிருமியோட சண்டை போடுற நம்ம உடம்பே ஆள் தெரியாம வால்வையும் அடிச்சுடும்."

"எல்லாருக்கும் அப்படி ஆகறதில்லையே, ஏன்?"

வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். சுப்ரியா எழுந்தார். "இதுக்கு மேல கேட்டீங்கன்னா நீங்க மெடிசின்தான் படிக்கணும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். சிந்துவை அந்தக் கேள்வி விடவில்லை. தன் நெஞ்சில் மைக்கை வைத்துக் கேட்டாள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே எதுவும் இல்லை. ஏன் இல்லை? சின்ன வயதில் அவளுக்கும்தானே தொண்டைவலி வந்தது?

வாரக்கடைசியில், லிங்கராஜபுரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்பா அலெக்சாண்டரிடம் போய் நின்றாள். "டாடி, நீட் எழுதலாம்னு இருக்கேன்."

அவர் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். "இப்பவா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?"

"இல்லை. எனக்குத் தெரிஞ்சுக்கணும்."

"தெரிஞ்சுக்கணும்னா கூகுள்ல பாரேன்."

"பார்த்தேன். பார்க்கப் பார்க்க கேள்விதான் ஜாஸ்தியாகுது."

அலெக்சாண்டர் லென்ஸை எடுத்து மறுபடி துடைத்தார். "இன்ஜினியரிங் படிக்கிற உன்னை எழுத விடுவாங்களா?"

"பி.யு.சி.ல பயாலஜி எடுத்திருக்கேனே."

"சரி, எழுது. வேலையை மட்டும் இப்பவே விடாத."

முதல் தடவை, சீட் கிடைக்கத் தேவையான மதிப்பெண் வெகுதூரத்தில் நின்றது. பட்டம் வாங்கியதும் வேலையில் சேர்ந்தாள். கம்பெனி பஸ்ஸில் போகவர செடிகளின் வேர், தண்டு, இலை என்று மறந்துபோனதையெல்லாம் மறுபடி படித்தாள். அதற்குள் எல்லம்மாவுக்கு வால்வு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. பார்க்கப் போனபோது, "நான் படியேறிட்டேன், நீ இன்னும் எக்ஸாமே எழுதினுகிறியா?" என்று கேட்டு அவளையும் சிரிக்க வைத்தார்.

இரண்டாம் தடவை சீட் கிடைத்தது. பெங்களூரில் இல்லை, வட கர்நாடகத்தில் ஓர் அரசுக் கல்லூரி. வகுப்பில் எல்லோரும் அவளைவிடச் சின்னவர்கள். 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் மூச்சைப் பற்றிப் பாடம். சிந்து கையைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்த ஸ்னேஹா கிசுகிசுத்தாள்: "அக்கா, இது எக்ஸாம்ல வருமா?"

"வராதுன்னு நினைக்கிறேன்."

"அப்புறம் எதுக்கு?"

அதற்குள் சிந்து எழுந்து நின்றுவிட்டாள். "சார், பிறந்த குழந்தையை முதல் மூச்சு இழுக்க வைக்கிறது எது?"

பேராசிரியர் கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தார். "இன்னைக்குப் பாடம் கிடக்கட்டும், அதைப் பார்ப்போம்" என்றார். ஸ்னேஹாவும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.